பட்டம் வாங்கித் தந்த லியாம் பிராடியை யுவென்டஸ் ஏன் அனுப்பிவிட்டது?

அயர்லாந்து நடுக்கள ஆட்டக்காரர் லியாம் பிராடி யுவென்டஸில் ஆடியது இரண்டே பருவங்கள், அந்த இரண்டிலும் அவர் அணி இத்தாலிய லீக் பட்டத்தை வென்றது, அப்படியிருக்க அவரை ஏன் உடனே வெளியேற்றினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் ஓர் உலகக் கோப்பையில்கூட ஆடவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்து, பெயருக்கு ஏற்ற தரம் அவரிடம் இருந்ததா என்ற ஐயத்தையும் எழுப்பியிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு ஒரே வரியில் விடை சொல்லிவிடலாம். 1982-இல் ஓர் இத்தாலியக் கழகம் வைத்துக்கொள்ளக்கூடிய வெளிநாட்டவர் எண்ணிக்கை இரண்டு. யுவென்டஸ் அந்த இரண்டு இடங்களுக்கும் மிஷெல் பிளாட்டினியையும் ஸ்பிக்னியெவ் போனியெக்கையும் எடுத்துக்கொண்டது. பிராடி மூன்றாமவர் ஆகிவிட்டார். ஆனால் இந்த ஒரு வரியோடு நிறுத்தினால் உங்கள் இரண்டாவது ஐயம் தீராது. அவருடைய வாழ்க்கையை முதலிலிருந்து பார்த்தால், அவருக்குக் கதவுகள் திறந்ததும் மூடியதும் பெரும்பாலும் அவருடைய ஆட்டத்தைப் பொறுத்து நடக்கவில்லை, யாரோ எங்கோ எழுதிய விதிகளைப் பொறுத்தே நடந்தன என்பது தெரியும்.

பிராடி 1956 பிப்ரவரி 13 அன்று டப்ளினில் பிறந்தார். நகரின் வடக்கில் உள்ள வைட்ஹால் பகுதியில் வளர்ந்தவர். அவர் வீட்டில் கால்பந்து புதிதல்ல. முந்தைய தலைமுறையைச் சேர்ந்த ஃபிராங்க் பிராடி என்ற உறவினர் 1920-களிலும், மூத்த அண்ணன் ரே பிராடி 1960-களிலும் அயர்லாந்து அணிக்காக ஆடியிருக்கிறார்கள். ஆனாலும் அன்றைய அயர்லாந்தில் கால்பந்தை எல்லோரும் தங்கள் நாட்டு விளையாட்டாக ஏற்கவில்லை. அயர்லாந்தின் மரபு ஆட்டங்களான கேலிக் விளையாட்டுகளை நடத்தும் சங்கம், தன் உறுப்பினர்கள் கால்பந்து போன்ற 'அந்நிய' ஆட்டங்களை ஆடவோ பார்க்கவோ கூடாது என்ற தடையை 1971 வரை வைத்திருந்தது. கிறிஸ்தவ சகோதரர்கள் சபை நடத்திய பள்ளிகளில் கேலிக் கால்பந்துக்குத்தான் மரியாதை. பிராடி படித்ததும் அப்படிப்பட்ட பள்ளியே. 1970-இல் வேல்ஸ் மாணவர் அணிக்கு எதிராக அயர்லாந்து மாணவர் அணியின் தலைவராக அவர் ஆட வேண்டியிருந்தது. பள்ளியோ அவரைத் தன் கேலிக் ஆட்டத்துக்கு எதிர்பார்த்தது. அவர் வேல்ஸுடன் ஆடப் போனார். அதன் விளைவாகப் பள்ளியை விட்டே வெளியேற நேர்ந்தது. நாட்டின் சட்டையை அணிந்து தலைமை தாங்கியதற்காக ஒரு சிறுவன் பள்ளியை இழப்பது இன்று விசித்திரமாகத் தோன்றலாம். அந்தச் சங்கம் தன் தடையை அதற்கு அடுத்த ஆண்டே நீக்கிவிட்டது என்பது இன்னும் விசித்திரம்.

பதினைந்து வயதில், 1971-இல், அவர் லண்டனின் ஆர்சனல் கழகத்துக்குப் போனார். அந்த ஆண்டுதான் ஆர்சனல் லீக்கையும், தோற்றவர் வெளியேறும் முறையில் நடக்கும் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையையும் ஒரே பருவத்தில் வென்றிருந்தது. போன சில வாரங்களிலேயே வீட்டு நினைவு தாங்காமல் டப்ளினுக்குத் திரும்பிவிட்டார் என்பதும், பேசிச் சமாதானப்படுத்தி மறுபடி அனுப்பிவைத்தார்கள் என்பதும் அவரைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் செய்திகள். உருளைக்கிழங்குச் சிப்ஸ் மீது அவருக்கிருந்த ஆசையால் அணியினர் வைத்த 'சிப்பி' என்ற பட்டப்பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது. பதினேழாவது பிறந்தநாளில் தொழில்முறை ஒப்பந்தம் கிடைத்தது. 1973 அக்டோபர் 6 அன்று பர்மிங்ஹாம் சிட்டிக்கு எதிராக மாற்று வீரராக இறங்கி முதல் ஆட்டத்தை ஆடினார்.

அப்போதைய ஆர்சனல் சரிந்துகொண்டிருந்த அணி. இரட்டைப் பட்டம் வென்ற தலைமுறை கலைந்து, மேலாளர் பெர்ட்டி மீயின் கடைசி ஆண்டுகளில் அணி பட்டியலின் கீழ்ப்பகுதியில் தவித்தது. 1976-இல் டெரி நீல் மேலாளரானார். அடுத்த ஆண்டு டான் ஹவ் பயிற்சியாளராகத் திரும்பி வந்தார். இந்த அணியின் உடல்மொழியே ஐரிஷ் என்று சொல்லலாம். டப்ளின்காரர்கள் பிராடியும் ஃபிராங்க் ஸ்டேபிள்டனும், டப்ளினில் வளர்ந்த டேவிட் ஓ'லியரியும், வடக்கு அயர்லாந்திலிருந்து பாட் ஜென்னிங்ஸ், பாட் ரைஸ், சாமி நெல்சன் ஆகியோரும், மேலாளர் நீலும் ஒரே அறையில் இருந்தார்கள். வடக்கு அயர்லாந்தில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. பிரிட்டிஷ் நகரங்களில் ஐரிஷ் உச்சரிப்போடு பேசுவதே சங்கடமாக இருந்த காலம். அந்தச் சூழலில் வடக்கும் தெற்கும் ஆர்சனலின் ஹைபரி மைதானத்தில் ஒரே அணியாக ஆடியதைக் கால்பந்துச் செய்தியாக மட்டும் படித்துவிட்டுக் கடந்துபோக என்னால் முடிவதில்லை.

அவருடைய ஆட்டத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனெனில் உங்கள் ஐயம் தரத்தைப் பற்றியது. பிராடி வேகமானவர் அல்ல, உயரமானவரும் அல்ல. தலையால் முட்டி ஆடுவதும் தடுப்பதும் அவருடைய பலங்கள் அல்ல. அவர் பலமெல்லாம் இடது காலில் இருந்தது. பந்தைக் காலடியில் ஒட்டவைத்துக்கொண்டு, இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து எதிராளியை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, மறுபக்கம் நழுவிப்போவார். சேறும் குழியுமாகக் கிடந்த அன்றைய இங்கிலாந்து மைதானங்களில் அதைச் செய்தார் என்பதை மறக்கக் கூடாது. 1978 டிசம்பர் 23 அன்று பரம எதிரியான டாட்டன்ஹாமை அவர்கள் மைதானத்திலேயே ஆர்சனல் 5-0 என வென்றது. ஆலன் சண்டர்லாண்ட் மூன்று கோல் அடித்தார், ஆனால் எல்லோருக்கும் நினைவிருப்பது பிராடியின் கோல்தான். பெனால்டிப் பகுதியின் விளிம்பருகே பீட்டர் டெய்லரிடமிருந்து பந்தைப் பறித்து, அது தரையில் ஒருமுறை எழும்பியதும், இடது காலின் வெளிப்புறத்தால் வளைத்து மேல்மூலையில் செருகினார். பழைய ஒளிப்பதிவு கிடைத்தால் பாருங்கள். பறித்ததும் நிமிர்ந்து ஒரு பார்வை பார்க்கிறார், அடிப்பதற்கு முன் எந்த அவசரமும் இல்லை. அந்தப் பருவத்தில் ஆட்டக்காரர்கள் தாங்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குக் கிடைத்தது. ஐக்கிய இராச்சியத்துக்கு வெளியிலிருந்து வந்த ஒருவர் அதைப் பெறுவது அதுவே முதல் தடவை. எதிரில் நின்று தோற்றவர்கள் அளித்த வாக்கு என்பதால், தரம் பற்றிய சான்றாக இதைவிடக் கனமானது கிடைப்பது கடினம்.

ஆர்சனல் 1978, 1979, 1980 என மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாக எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்துக்குச் சென்றது. முதலாவதில் இப்ஸ்விச்சிடம் தோற்றது. பிராடி முழு உடல்தகுதியின்றி ஆடிப் பாதியில் வெளியேறினார். மூன்றாவதில் வெஸ்ட் ஹாமிடம் 1-0 எனத் தோற்றது. நடுவில் வந்த 1979 மே 12 ஆட்டம் 'ஐந்து நிமிட இறுதி' என்ற பெயரில் நிலைத்துவிட்டது. மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக ஆர்சனல் முதல் பாதியிலேயே இரண்டு கோல் அடித்து முன்னிலை பெற்றிருந்தது. இரண்டாவது கோலுக்கு முன் பிராடி வலது ஓரத்தில் இருவரைத் தாண்டிச் சென்று, நிற்பதற்கு மட்டுமே பயன்படுகிறது என்று கேலி செய்யப்பட்ட வலது காலால் பந்தைத் தூக்கிக் கொடுக்க, ஸ்டேபிள்டன் தலையால் முட்டி உள்ளே அனுப்பினார். ஆட்டம் முடிந்ததென்று எல்லோரும் நினைத்திருந்த வேளையில், 86-வது நிமிடத்தில் கார்டன் மெக்குவீனும் 88-வது நிமிடத்தில் சாமி மெக்கில்ராயும் அடித்துச் சமன் செய்துவிட்டார்கள். யுனைடெட் ரசிகர்களின் ஆரவாரம் அடங்குவதற்குள் பிராடி களைத்த கால்களோடு பந்தை எடுத்துக்கொண்டு நேராக யுனைடெட் பாதிக்குள் ஓடினார், இடப்பக்கம் கிரஹாம் ரிக்ஸுக்குத் தள்ளினார், ரிக்ஸ் கோல்முகத்தைத் தாண்டி உயர்த்தி அடித்தார், தூரக் கம்பத்தருகே சண்டர்லாண்ட் முடித்தார். 3-2. கூடுதல் நேரம் வந்தால் தன் அணியில் யாருக்கும் ஓடத் தெம்பிருக்காது என்ற அச்சத்தில், எதிரணியைத் தன் கோலிலிருந்து தள்ளிவைப்பதற்காகவே பந்தை முன்னே கொண்டுபோனதாகப் பிராடி பின்னாளில் விளக்கியிருக்கிறார். திட்டம் என்று எதுவும் இருக்கவில்லை. ஆனால் அப்படிப்பட்ட கணத்தில் பந்தைக் கேட்டு வாங்குகிறவர்கள் மிகச் சிலரே.

1979-80 பருவத்தில் ஆர்சனல் மொத்தம் 70 ஆட்டங்கள் ஆடியது, எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் லிவர்பூலோடு மட்டும் நான்கு முறை மோத வேண்டியிருந்தது. ஐரோப்பியக் கோப்பை வெற்றியாளர்களுக்கான போட்டியின் அரையிறுதியில் எதிரே வந்தது யுவென்டஸ். லண்டனில் 1-1, யுவென்டஸின் ஊரான டூரினில் கடைசி நிமிடங்களில் மாற்று வீரராக வந்த பால் வேசன் என்ற பதினெட்டு வயது இளைஞர் தலையால் முட்ட, ஆர்சனல் 1-0 என வென்றது. யுவென்டஸ் பயிற்சியாளர் ஜோவான்னி த்ராபத்தோனி அன்று தன் அணி தோற்பதைப் பார்த்தார். கூடவே, ஆர்சனலின் நடுக்களத்தை நடத்திய அந்த ஐரிஷ்காரரையும் இருமுறை அருகிலிருந்து பார்த்துவிட்டார். எஃப்.ஏ. கோப்பையை இழந்த நான்கு நாட்களுக்குப் பிறகு பிரஸ்ஸல்ஸில் நடந்த இறுதியில் வலென்சியாவுடன் கோல் ஏதுமின்றி ஆட்டம் முடிந்து, பெனால்டிகளில் ஆர்சனல் தோற்றது. வலென்சியாவின் மாரியோ கெம்பெஸ் முதல் பெனால்டியைத் தவறவிட்டார். அடுத்து வந்த பிராடியும் தவறவிட்டார். ஆர்சனலுக்காக 307 ஆட்டங்கள், 59 கோல்கள் என்ற கணக்கோடு அந்தக் கோடையில் அவர் விடைபெற்றார்.

அவர் இத்தாலிக்குப் போக முடிந்ததே ஒரு விதி தளர்ந்ததால்தான். 1966 உலகக் கோப்பையில் வட கொரியாவிடம் தோற்று வெளியேறிய அவமானத்துக்குப் பின், உள்நாட்டு இளைஞர்கள் வளர வேண்டும் என்ற காரணத்தைச் சொல்லி இத்தாலி வெளிநாட்டவரைப் புதிதாக ஒப்பந்தம் செய்வதைத் தடை செய்தது. பதினான்கு ஆண்டுகள் நீடித்த அந்தத் தடை 1980-இல் விலகியது, ஆனால் ஒரு கழகத்துக்கு ஒருவர் மட்டுமே என்ற நிபந்தனையோடு. இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். ஐரோப்பா, தென் அமெரிக்கா முழுவதிலிருந்தும் ஒரே ஒருவரை எடுக்கலாம் என்ற நிலையில், ரோமா பிரேசிலின் ஃபல்காவோவை எடுத்தது, நாப்போலி நெதர்லாந்தின் ரூட் க்ரோலை எடுத்தது, இன்டர் ஆஸ்திரியாவின் ஹெர்பர்ட் ப்ரோஹாஸ்காவை எடுத்தது, யுவென்டஸ் பிராடியை எடுத்தது. அவருக்காக ஆர்சனலுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் பவுண்டுக்குச் சற்றே அதிகம். இங்கிலாந்துக் கழகங்கள் ஒருவருக்குப் பத்து லட்சத்துக்கு மேல் கொடுக்கத் தொடங்கிவிட்ட காலத்தில் இது மலிவு விலை.

யுவென்டஸ் அவருக்கு 10-ஆம் எண் சட்டையைக் கொடுத்தது. சுற்றிலும் டீனோ ஜோஃப், கிளாவ்தியோ ஜென்டிலே, கயத்தானோ ஷிரேயா, அந்தோனியோ கப்ரீனி, மார்கோ தார்தெல்லி, ரொபெர்த்தோ பெத்தேகா என இத்தாலியத் தேசிய அணியின் பாதி நின்றது. எதிராளியை நிழல்போல ஒட்டித் தடுக்கும் முறையும், கோல்கள் அபூர்வமாக விழும் வழக்கமும் கொண்ட லீக் அது. முதல் பருவத்தில் பிராடி லீக்கில் எட்டு கோல்கள் அடித்தார். எட்டு என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம், ஆனால் அந்தப் பருவத்தில் யுவென்டஸில் அதைவிட அதிகம் அடித்தவர் எவருமில்லை. ரோமாவை இரண்டு புள்ளிகளில் முந்திப் பட்டம் வந்தது. அவர் இத்தாலிய மொழியைக் கற்றுக்கொண்டார், அந்த ஊர் வாழ்க்கையோடு ஒன்றினார். வெளிநாடு போன பிரிட்டிஷ், ஐரிஷ் ஆட்டக்காரர்களில் பலர் ஓர் ஆண்டிலேயே திரும்பி வந்த வரலாற்றின் பின்னணியில் இதுவும் ஒரு திறமைதான்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். இரண்டாவது பருவம் முடியும் தறுவாயில், 1982 வசந்தத்தில், வெளிநாட்டவர் எண்ணிக்கை ஒன்றிலிருந்து இரண்டாக உயரப்போகிறது என்பது உறுதியாகியிருந்தது. விதி தளர்ந்தால் பிராடிக்குத் துணையாக இன்னொருவர் வருவார் என்றுதான் யாரும் எதிர்பார்த்திருப்பார்கள். போலந்தின் போனியெக் வருவது தெரிந்திருந்தது. ஆனால் கழகம் பிரெஞ்சுக்காரரான பிளாட்டினியையும் ஒப்பந்தம் செய்தது. பருவம் முடிய இன்னும் சில வாரங்கள் இருக்கும்போதே பிராடிக்கு விஷயம் தெரிவிக்கப்பட்டது. இதை யுவென்டஸின் தவறான முடிவு என்று நான் வாதிட மாட்டேன். பிளாட்டினி அடுத்த மூன்று பருவங்களும் இத்தாலிய லீக்கில் அதிகக் கோல் அடித்தவராகத் திகழ்ந்து, மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாக ஐரோப்பாவின் தங்கப் பந்து விருதையும் வென்றார். கழகத்தின் கணக்கு சரி. ஆனால் பிராடி பிளாட்டினியைவிடச் சற்றுக் குறைந்தவராக இருந்தார் என்பதும், பிராடி தரமற்றவர் என்பதும் ஒன்றல்ல.

வெளியேற்றப்படப்போவது தெரிந்தபின் அவர் நடந்துகொண்ட விதம்தான் இத்தாலியில் அவர் பெயரை நிலைநிறுத்தியது. 1982 மே 16, பருவத்தின் கடைசி நாள். யுவென்டஸும் ஃபியோரெந்தீனாவும் சமப் புள்ளிகளில் இருந்தன. யுவென்டஸ் தெற்கே கதன்சாரோவில் ஆடியது. ஃபியோரெந்தீனா சர்தீனியத் தீவின் கலியாரியில் ஆடியது. இரண்டு இடங்களிலும் கோல் விழவில்லை. கதன்சாரோவில் 75-வது நிமிடத்தில் யுவென்டஸுக்குப் பெனால்டி கிடைத்தது. அதை எடுக்க வந்தவர் பிராடி: அடுத்த பருவத்தில் அந்தச் சட்டையை வேறொருவர் அணியப்போகிறார் என்று அறிந்தவர், இரண்டு ஆண்டுகளுக்கு முன் பிரஸ்ஸல்ஸில் ஒரு பெனால்டியைத் தவறவிட்டவர். இடது காலால் அமைதியாக உள்ளே தள்ளினார். ஆட்டம் 1-0 என முடிந்தது. கலியாரியில் கோல் இல்லாமலே முடிந்தது. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் யுவென்டஸ் தன் இருபதாவது பட்டத்தை வென்றது. இத்தாலியில் பத்துப் பட்டங்களுக்கு ஒரு நட்சத்திரத்தைச் சட்டையில் தைத்துக்கொள்வார்கள். யுவென்டஸின் இரண்டாவது நட்சத்திரம், கழகம் விடைகொடுத்துவிட்ட ஒருவரின் காலிலிருந்து வந்தது. அவர் வேண்டுமென்றே வெளியே அடித்திருந்தால் யாரால் நிரூபித்திருக்க முடியும் என்று ரசிகர்கள் இன்றும் பேசிக்கொள்வதுண்டு. எனக்கு அந்தப் பேச்சில் ஈடுபாடில்லை. அவர் தொழில்காரர், தன் வேலையைச் செய்தார்.

அதற்குச் சரியாக எட்டு வாரங்கள் கழித்து, ஜூலை 11 அன்று, மாட்ரிட்டில் இத்தாலி உலகக் கோப்பையை வென்றது. ஜோஃப், ஜென்டிலே, ஷிரேயா, கப்ரீனி, தார்தெல்லி, தடைக்காலம் முடிந்து திரும்பிய பாவ்லோ ரோஸ்ஸி என அன்று களத்தில் தொடங்கிய பதினொருவரில் ஆறு பேர் பிராடியின் சக ஆட்டக்காரர்கள். அவர் அங்கே ஏன் இல்லை என்பது உங்கள் இரண்டாவது கேள்வி.

அயர்லாந்துக்காக அவர் முதலில் ஆடியது 1974 அக்டோபர் 30 அன்று, பதினெட்டு வயதில். டப்ளினின் டேலிமவுண்ட் பார்க்கில் சோவியத் ஒன்றியத்தை அயர்லாந்து 3-0 என வென்ற அந்த ஆட்டத்தில் மூன்று கோலையும் அடித்தவர் டான் கிவென்ஸ். நடுக்களத்தில் பிராடியின் பக்கத்தில் நின்றவர் ஆட்டக்காரரும் மேலாளருமான ஜானி கைல்ஸ். அன்றிலிருந்து அந்த அணியின் சிந்தனை முழுவதும் பிராடியின் வழியாகவே ஓடியது. 1982 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் அயர்லாந்துக்கு அமைந்த பிரிவு கொடியது: பெல்ஜியம், பிரான்ஸ், நெதர்லாந்து, சைப்ரஸ். அயர்லாந்து டப்ளினில் நெதர்லாந்தை வென்றது, பிரான்ஸை 3-2 என வென்றது, ராட்டர்டாமில் சமன் செய்தது. 1981 மார்ச்சில் பிரஸ்ஸல்ஸில் ஸ்டேபிள்டன் அடித்த கோலைப் போர்த்துகீசிய நடுவர் செல்லாது என்றார். காரணம் இன்றுவரை அயர்லாந்தில் யாருக்கும் விளங்கவில்லை. கடைசி நிமிடங்களில் யான் கூலமன்ஸ் முட்டிய பந்தால் பெல்ஜியம் 1-0 என வென்றது. முடிவில் பெல்ஜியம் 11 புள்ளிகள், பிரான்ஸும் அயர்லாந்தும் தலா 10. கோல் வித்தியாசத்தில் பிரான்ஸ் ஸ்பெயினுக்குப் போய் அரையிறுதி வரை சென்றது. அந்த பிரான்ஸின் தலைவர் பிளாட்டினி. ஒரே ஆண்டில் யுவென்டஸின் 10-ஆம் எண்ணும் உலகக் கோப்பை இடமும் பிராடியைத் தாண்டி அதே மனிதரிடம் போய்ச் சேர்ந்தன.

இத்தாலியில் அவருடைய எஞ்சிய ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1982-இல் அப்போதுதான் மேல்தட்டுக்கு உயர்ந்திருந்த சாம்ப்தோரியாவுக்குப் போனார். ட்ரெவர் ஃபிரான்சிஸும் அங்கே சேர்ந்தார். பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே எதிரே வந்தது பிளாட்டினி, போனியெக் இருவரையும் கொண்ட யுவென்டஸ். சாம்ப்தோரியா 1-0 என வென்றது. அடுத்தடுத்து இன்டரையும் ரோமாவையும் வென்றது. 1984-இல் இன்டருக்குச் சென்று மேற்கு ஜெர்மனியின் கார்ல்-ஹைன்ஸ் ரும்மெனிகேயோடு இரண்டு பருவங்கள் ஆடினார். யுஏஃபா கோப்பை அரையிறுதியில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக மிலானில் கோல் அடித்தார், ஆனால் மாட்ரிட்டில் நடந்த மறு ஆட்டத்தில் இன்டர் தோற்று வெளியேறியது. 1986 கோடையில் இன்டரின் புதிய பயிற்சியாளராக வந்தவர் வேறு யாருமல்ல, த்ராபத்தோனி. அதே கோடையில் அர்ஜென்டினாவின் டேனியல் பஸ்ஸரெல்லாவும் வந்தார். ரும்மெனிகே, பஸ்ஸரெல்லா என இரண்டு இடங்களும் நிரம்பின. பிராடி மறுபடியும் மூன்றாமவர். அஸ்கோலியில் அரைகுறையாகக் கழிந்த ஒரு பருவத்தோடு அந்த அத்தியாயம் முடிந்தது. ஏழு பருவங்களில் இத்தாலிய லீக்கின் மேல்தட்டில் 189 ஆட்டங்கள், 24 கோல்கள்.

1987 மார்ச்சில் ஒரு லட்சம் பவுண்டுக்கு வெஸ்ட் ஹாம் அவரை லண்டனுக்குத் திரும்ப அழைத்தது. அடுத்த மாதமே ஆர்சனலுக்கு எதிராக ஒரு கோல் அடித்தார். 1989-இல் அந்த அணி கீழ்த்தட்டுக்கு இறங்கியபோதும் உடன் இருந்தார். 1990 மே மாதம் வுல்வ்ஸுக்கு எதிரான தன் கடைசி ஆட்டத்தில், ஆட்டம் முடியும் நேரத்தில், தூரத்திலிருந்து அடித்து ஒரு கோலோடு விடைபெற்றார். ரசிகர்கள் மைதானத்துக்குள் புகுந்துவிட்டார்கள்.

ஆனால் அந்த ஆண்டுகளின் உண்மையான கதை தேசிய அணியில் நடந்தது. 1986-இல் ஜாக் சார்ல்டன் அயர்லாந்தின் மேலாளரானார். அவருடைய கோட்பாடு எளிமையானது: நடுக்களத்தில் பந்தை வைத்துக்கொண்டு தவறு செய்யாதே, எதிரணிப் பின்வரிசையின் முதுகுக்குப் பின்னால் நீளமாக அடி, ஓடிப்போய் நெருக்கு. பந்தைக் காலில் வாங்கித் திரும்பி யோசிக்கிறவருக்கு இதில் வேலை குறைவு. பிராடியை இதற்காகவே ஒதுக்கினார் என்று சிலர் எழுதுவது முழு உண்மையல்ல. நாடுகளுக்கான 1988 ஐரோப்பியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் பிராடி தொடர்ந்து ஆடினார், புதிய முறைக்குத் தன்னை வளைத்துக்கொண்டார். 1987 மே மாதம் டப்ளினின் லான்ஸ்டவுன் ரோட்டில் பிரேசிலை 1-0 என வென்றபோது அந்தக் கோலை அடித்தவரும் அவரே. தடுக்கி விழுந்த இடம் வேறு. அக்டோபரில் பல்கேரியாவைத் தோற்கடித்த ஆட்டத்தில், தொடர்ந்து உதைத்துக்கொண்டிருந்த ஒருவரைத் திருப்பி அடித்ததற்காக அவர் வெளியேற்றப்பட்டார். தண்டனையாகத் தடை வந்தது. மேல்முறையீட்டில் அது குறைந்தது. ஆனால் நவம்பரில் வெஸ்ட் ஹாமுக்காக ஆடும்போது முழங்கால் தசைநார் அறுந்தது. அதே மாதம் சோஃபியாவில் ஸ்காட்லாந்தின் கேரி மக்கே 87-வது நிமிடத்தில் அடித்த கோல் பல்கேரியாவை வீழ்த்தி, வரலாற்றில் முதல் முறையாக அயர்லாந்தை ஒரு பெரிய போட்டிக்கு அனுப்பியது. பதின்மூன்று ஆண்டுகள் அதற்காக ஆடியவர் ஊன்றுகோலோடு நின்றார். 1988 ஜூன் 12 அன்று ஸ்டுட்கார்ட்டில் ரே ஹௌட்டன் முட்டிய பந்தால் அயர்லாந்து இங்கிலாந்தை வென்றபோது பிராடி களத்தில் இல்லை.

1990 உலகக் கோப்பை கடைசி வாய்ப்பாக மிஞ்சியிருந்தது. 1989 செப்டம்பர் 6 அன்று டப்ளினில் மேற்கு ஜெர்மனிக்கு எதிரான நட்பு ஆட்டத்தில் சார்ல்டன் அவரை இறக்கினார். ஜெர்மானியர் சமன் செய்ததும், இடைவேளைக்குக்கூடக் காத்திராமல் வெளியே எடுத்தார். சொந்த ஊர்க் கூட்டத்தின் முன் நடந்த அந்த அவமதிப்புக்குப் பின், அன்றிரவே பிராடி சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வு அறிவித்தார். 33 வயது, 72 ஆட்டங்கள், 9 கோல்கள். அந்த முழங்காலோடு அவர் 1990-இல் எவ்வளவு ஆடியிருக்க முடியும் என்பது நியாயமான கேள்வி. சார்ல்டனின் முடிவில் தவறில்லை என்று வாதிடலாம், முறையில் தவறில்லை என்று வாதிட முடியாது. அயர்லாந்து அந்த உலகக் கோப்பையில் காலிறுதி வரை போனது. ரோம் நகரில் இத்தாலியிடம் 1-0 எனத் தோற்றது. ஏழு ஆண்டுகள் தான் ஆடிய மண்ணில், அந்த மொழி பேசத் தெரிந்த மூத்த ஐரிஷ் ஆட்டக்காரர் அணியில் இல்லாமலே.

பிராடியை, பின்னாளில் வந்த அயர்லாந்து நடுக்கள ஆட்டக்காரர் ராய் கீனோடு ஒப்பிட்டுப் பட்டங்களை எண்ணுபவர்கள் பலர். கீன் 67 ஆட்டங்கள் ஆடினார், 1994 உலகக் கோப்பையில் விளையாடினார், கழக அளவில் வென்றவை ஏராளம். அவர் ஆட்டத்தைப் பிடித்து ஆட்டக்காரர்களை இழுத்துக்கொண்டு ஓடியவர். பிராடி செய்தது வேறு வேலை. அவர் ஆடிய அயர்லாந்து அணியில் பந்தைக் கொடுத்து வாங்க ஆள் குறைவு, வாய்ப்புகளும் குறைவு. இருவரையும் ஒரே தராசில் நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

மேலாளராக அவர் சோபிக்கவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1991-இல் ஸ்காட்லாந்தின் செல்டிக் கழகத்தின் பொறுப்பை ஏற்றார். அந்தக் கழகத்துக்காக ஒருபோதும் ஆடாமல் மேலாளரான முதல் மனிதர் அவர். கோப்பை எதுவும் வெல்லாமல் 1993 அக்டோபரில் பதவி விலகினார். பின்னர் பிரைட்டனில் பணமில்லாத ஒரு கழகத்தை நடத்திப் பார்த்தார். 1996-இல் ஆர்சனல் அவரை இளைஞர் பயிற்சித் துறைக்குத் தலைவராக்கியபோதுதான் அவருக்கேற்ற இருக்கை கிடைத்தது. 2014 வரை அங்கே இருந்தார். அவர் காலத்தில் இளைஞர் எஃப்.ஏ. கோப்பையை ஆர்சனல் 2000, 2001, 2009 ஆகிய ஆண்டுகளில் வென்றது. ஆஷ்லி கோலும் ஜாக் வில்ஷியரும் அந்தப் பயிற்சிக்கூடத்தின் வழியாக வந்தவர்கள். பதினைந்து வயதில் வீட்டு நினைவில் ஓடிப்போன ஒருவர் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பொறுப்பாக இருந்தது பொருத்தமான ஏற்பாடு.

2008-இல் அயர்லாந்தின் மேலாளராக வந்தார் த்ராபத்தோனி. பிராடியை டூரினுக்கு அழைத்தவரும், பிளாட்டினிக்காக அவர் இடம் இழந்தபோது பயிற்சியாளராக இருந்தவரும், இன்டரில் அதே கதை திரும்பியபோது உள்ளே நுழைந்தவரும் இவர்தான். தன் உதவியாளராக வரும்படி பிராடியைக் கேட்டார், பிராடி மறுக்கவில்லை. 2009 நவம்பர் 18 அன்று பாரிஸில், 2010 உலகக் கோப்பைக்கான இறுதித் தகுதி ஆட்டத்தில், இருவரும் ஒரே இருக்கை வரிசையில் அமர்ந்திருந்தார்கள். எதிரே மறுபடியும் பிரான்ஸ். கூடுதல் நேரத்தில் பந்தைக் கையால் தடுத்து வில்லியம் கல்லாஸுக்குக் கொடுத்தவர் தியெரி ஆன்றி. ஆர்சனலில் பிராடி பணியாற்றிய ஆண்டுகளில் எட்டு ஆண்டுகள் அதே கழகத்தில் ஆடியவர். நடுவர் பார்க்கவில்லை, கோல் நின்றது, அயர்லாந்து வெளியேறியது.